பிணவறையில் சொன்ன ஸ்தோத்திரம்

ஒரு நாள் காலை பத்தே முக்காலிலிருந்து பகல் பன்னிரண்டரை மணி வரை நான் விதவையாக இருந்தேன். நான்கு வருடமாகிறது. அன்றைக்கு என்னதான் நடந்தது என்று யாராவது கேட்டால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இன்னும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எனக்கு வேலை. விற்ற சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பேன், முந்தானை நூலைப் பிரித்துக் குச்சு கட்டுவேன். என் வீட்டுக்காரர் வாலாஜாபாத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர். எங்கள் வீடு ஓரிக்கைப் பக்கம். எங்கள் இருவர் குடும்பத்திலும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போவோம். நான் பாட்டுக் குழுவில் இருந்தேன். ஜெபம் எனக்குப் பல் தேய்ப்பது போலப் பழகிப்போன காரியம். அதில் சந்தேகமும் கிடையாது, பெரிய உருக்கமும் கிடையாது. கேட்பேன். கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்வேன். கிடைக்காவிட்டால் அடுத்ததைக் கேட்பேன். அப்படித்தான் முப்பத்தெட்டு வயது வரைக்கும் ஓடியது.

அன்று காலையிலிருந்து மழை. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதால் அவர் பைக்கில் போனார். நீல நிற மழைக்கோட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதன் உள்பாக்கெட்டில் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் லைசென்ஸும் ஒரு பிளாஸ்டிக் உறையில் எப்போதும் இருக்கும். எங்கேயாவது தொலைந்துவிட்டால் கொண்டுவந்து கொடுக்கட்டுமே என்று அந்த உறையின் மேல் என் செல் நம்பரை மார்க்கரால் எழுதி வைத்திருந்தேன்.

பத்தே முக்காலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பெண் குரல். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன் என்றாள். வண்டி நம்பரையும் லைசென்ஸில் இருந்த பெயரையும் சொல்லி, அவர் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். வாலாஜாபாத் ரோட்டில் விபத்து, அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றாள். உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று சொன்னாள்.

"கூட ஆம்பள யாராவது இருந்தா கூட்டிக்கினு வாங்கம்மா."

அதில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அவருடைய செல்லுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருக்கும்போது செல்லை லாக்கரில் வைத்துவிட வேண்டும், எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் அப்படி அடித்து ஓய்ந்திருக்கிறது. ஆனால் அன்று அந்த மணி ஏதோ ஒரு ரோட்டோரத் தண்ணீருக்குள் அடிப்பதாகத்தான் என் காதுக்குப் பட்டது.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்னும் எனக்கே நம்ப முடியவில்லை. கையில் பாதியில் இருந்த முடிச்சை முடித்தேன். நூலைக் கத்தரித்தேன். ஊசியைப் பஞ்சு மெத்தையில் குத்தினேன். சேலையை நான்காக மடித்து ஓரமாக வைத்தேன். பக்கத்தில் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "எங்க வூட்டுக்காரு செத்துட்டாரு போலக்குது, நான் போயிட்டு வரேன்" என்றேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்பது போன்ற குரல். அவள் கையிலிருந்த கத்திரிக்கோல் கீழே விழுந்த சத்தம் எனக்கு நான்கு படி இறங்கின பிறகுதான் கேட்டது.

கடை வாசலில் எப்போதும் நிற்கும் ஆட்டோக்காரர் என்னை ஏற்றிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் தன் சவாரியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, "நான் கூடவே இருக்கேன் தங்கச்சி" என்றார். வழியெல்லாம் கடைகளின் போர்டுகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு போனேன். ஜெபம் வரவில்லை. வாய் திறந்தது. ஆனால் என்ன கேட்பது? நடக்கப்போவதைக் கேட்கலாம். நடந்து முடிந்ததை எப்படிக் கேட்பது? "ஆண்டவரே" என்பதோடு நின்றது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறை வாசலில், போனில் பேசிய பெண் காவலர் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். முதலில் ஒரு பையைக் காட்டினார். நீல மழைக்கோட்டு. ஹெல்மெட். பிளாஸ்டிக் உறை. அதில் என் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே போவதற்கு முன், "மொகத்தப் பாக்க வேணாம்மா. கல்லு லோடு லாரி. நீங்க தாங்க மாட்டீங்க" என்றார்.

நான் காலைக் காட்டச் சொன்னேன்.

நம்பிக்கையில் கேட்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவேளை அவராக இருக்காதோ என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு இடது காலில் சுண்டுவிரல் பாதிதான் உண்டு. பதினாறு வயதில் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்கு இருந்தபோது பெல்ட்டில் மாட்டிப் போய்விட்டது. கல்யாணமான புதிதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பேன். முகத்தைப் பார்க்க முடியாதென்றால் அந்த விரலையாவது கடைசியாகப் பார்த்துவிடலாம் என்றுதான் கேட்டேன்.

அங்கே வேலை பார்ப்பவர் துணியைக் கணுக்கால் வரைக்கும் விலக்கினார். இரண்டு பாதங்களும் சேறு. மழைச் சேறு காய்ந்து, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் அடைத்து, பாதமே ஒரு மண் கட்டி போல இருந்தது. நான் துப்பட்டா நுனியால் இடது காலைத் துடைத்தேன். போகவில்லை. அங்கிருந்த குழாயில் நனைத்துக்கொண்டு வந்து மறுபடியும் துடைத்தேன். குதிகாலிலிருந்து தொடங்கி, குழந்தையின் காலைத் துடைப்பது போல, ஒவ்வொரு விரலாக. கட்டை விரல். அடுத்தது. அடுத்தது. சுண்டுவிரலுக்கு வந்தேன்.

முழு விரல். நகம் இருந்தது.

நான் வலது காலைப் பார்த்தேன், ஒருவேளை இடம் வலம் மாற்றிப் பார்த்துவிட்டேனோ என்று. இல்லை. சரியான கால்தான். ஐந்து விரலும் இருந்தன.

"ஸ்தோத்திரம்" என்று கத்தினேன். அந்த அறையில் அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம், இது அவரு இல்ல." கையில் பிடித்திருந்த காலை அப்படியே விட்டேன். அது மேஜையில் பட்டது. வெளியே ஓடி வந்து, மழையில் நின்று, சிரித்தேன். ஆட்டோக்காரர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தாராம்.

பெண் காவலர் பின்னாலேயே வந்தார். நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப உள்ள இருக்கறது யாரும்மா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அவராக இல்லாத ஒருவர் அங்கே கிடக்கிறார் என்பது, அந்தக் காலை என் கையாலேயே பிடித்திருந்தும், எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு இடைவேளைக்கு லாக்கரைத் திறந்த என் வீட்டுக்காரர், இத்தனை மிஸ்டு காலா என்று பயந்துபோய் எனக்கு அடித்தார். அவர் குரலைக் கேட்டதும் வண்டி எங்கே என்று மட்டும் கேட்டேன். பக்கத்து மெஷினில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்ததாம். அவருடைய மனைவி வீட்டில் மயங்கி விழுந்துவிட்டாளாம். அவர் கம்பெனி பஸ்ஸில் வந்தவர். அவசரத்தில் பையையும் செல்லையும்கூட லாக்கரிலேயே விட்டுவிட்டார். மழையாக இருக்கிறதே என்று, இவர் வண்டிச் சாவியைக் கொடுத்து, தன் கையாலேயே அவருக்கு மழைக்கோட்டையும் மாட்டிவிட்டிருக்கிறார்.

"ஒம்போதரைக்கே கெளம்பிட்டான். வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டானா?" என்று என்னையே கேட்டார்.

நான் போனைப் பெண் காவலரிடம் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் விடுகிறேன், வா என்று ஆட்டோக்காரர் கூப்பிட்டார். நான் போகவில்லை. அங்கிருந்த ஷெட்டின் கீழ் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் தனியாக இறங்கினாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. முகம் வெளுத்து, நடை தள்ளாடியது. ஏகாம்பரநாதர் கோவில் பக்கம், நெசவுக்காரர் தெருவிலிருந்து வந்திருந்தாள். விபத்து, கொஞ்சம் அடி என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தார்கள். பெண் காவலர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவளுடைய கணவரின் அண்ணன் வந்துவிட்டாரா என்று பார்க்க வாசலுக்குப் போனார்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சேறும் ஈரமுமான என் துப்பட்டாவைப் பார்த்தாள்.

"யாருக்குமா?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லக்கா" என்றேன்.

நான் சொல்ல முடியாமல் அப்படிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். என் முதுகில் கையை வைத்துத் தடவினாள். "அழுவாத. சாமி இருக்குது. ஒண்ணும் ஆவாது" என்றாள். கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தாள். நான் குடித்தேன். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அவள் புருஷனுடைய கால் மண் என் துணியில் இருக்கிறது. இருந்தும் அவள் கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்தேன். வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கொடுமையான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவளைக் கூப்பிட்டார்கள். பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். அவளும் வெளியே ஓடி வந்து இது அவர் இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று, எல்லாம் தெரிந்திருந்தும், நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்தான் உள்ளே போய் அடையாளம் சொன்னார். அவளை எதையும் பார்க்க விடவில்லை. உடலைச் சுற்றிக் கட்டித்தான் எடுத்துப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் கம்பெனி வேனில் வந்தார். கூட்டத்துக்கு வெளியே, சுவரோரமாக, இன்னும் யூனிபார்மில் நின்றார். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் அது முடியாது. ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது அவர் முழங்காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. எனக்குள் வந்த சந்தோஷத்தை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வீட்டுக்கே வந்து எங்களை ஆலயத்துக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நின்றவர். கர்த்தர் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார், சபைக்கு முன்னால் சாட்சி சொல்லம்மா என்றார். மைக்கைக் கையில் வாங்கினேன். "என் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு" என்றேன். சபை முழுக்க அல்லேலூயா என்றது. சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில், பிணவறையில் என் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது மறுபடியும் கேட்டது. அந்தச் சத்தத்தின் பக்கத்தில் ஒருவர் படுத்திருந்தார். அவர் காலை நான் கீழே போட்டேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று பாஸ்டர் சபைக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்துப் பெண்ணிடம்தான் கொடுத்தேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கையிலிருந்த சேலையைக் கீழே போட்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்றால் எதற்கு நன்றி சொல்வது? சாவை என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு அனுப்பினதற்கா? என் புருஷனைக் காப்பாற்றியது ஆண்டவர்தான் என்றால், அவள் புருஷனை விட்டது யார்? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவும் பயம். கேட்டால், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று.

வீட்டில் இவர் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு, "முன் பிரேக் லூசா இருந்துது" என்றார். எனக்குப் புரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சொன்னார்.

"ஒரு வாரமா லூசு. எனக்கு அந்த வண்டி பழகிப்போச்சு, பின் பிரேக்குலயே ஓட்டிக்கினு இருந்தேன். சாவிய குடுக்கறப்ப அவன்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல."

லாரி பக்கத்து மண் ரோட்டிலிருந்து சட்டென்று ஏறி வந்தது, யாராக இருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது என்று போலீசில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். அன்றைக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு ஜெபம் என்று ஒன்று செய்தேன். நன்றியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. "பாரும் ஆண்டவரே, எங்க கதிய வந்து பாரும்" என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. குக்கர் விசில் அடித்தது, எழுந்து அணைத்தேன்.

விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் அவள் எங்கள் கடை மாடிக்கு வந்தாள். படியேறி வந்த மூச்சு வாங்கலோடு வாசலில் நின்றாள். பொட்டு இல்லை. எனக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அன்று நான் தெரிந்துகொண்டே பொய் சொன்னதைக் கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். என்னை எங்கே பார்க்கலாம் என்று அந்தப் பெண் காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

"கடைசியா அவர பாத்தது நீதான்னு சொன்னாங்கோ. எனக்கு எதையுமே காட்டல. எப்பிடி இருந்தாருன்னு சொல்லு" என்றாள்.

முகத்தை நானும் பார்க்கவில்லை என்றேன். கால் மட்டும்தான் என்றேன். கால் எப்படி இருந்தது என்று கேட்டாள். எனக்கு மறைக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சேறாக இருந்தது, என் வீட்டுக்காரர் கால் என்று நினைத்து இடது காலைத் துடைத்தேன், ஐந்து விரலைப் பார்த்ததும் கீழே விட்டேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று கத்தினேன், பிறகு வெளியே வந்து சிரித்தேன், வலது காலைத் துடைக்கவே இல்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தபோது எனக்கு எல்லாம் தெரியும். சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு கேட்டாள்.

"தண்ணியில நனைச்சி தொடச்சியா?"

"ஆமாக்கா."

"வெரலு வெரலாவா?"

"ஆமாக்கா. ஆனா உங்க வீட்டுக்காரருன்னு நெனச்சி இல்ல."

"எவர நெனச்சி தொடச்சா இன்னா, அவரு கால தான தொடச்ச. ஒரு காலாவது தொடச்ச இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் கேட்ட அழுகை போல இல்லை. தோள் குலுங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. இத்தனை நாளும் அவர் ரோட்டில் சேற்றில் கிடந்தார், அப்படியே அள்ளிப் போட்டார்கள், ஆசையாக ஒரு கை அவர் மேல் படவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அன்று மயக்கம் என்று கம்பெனிக்குப் போன் போடச் சொன்னது அவள்தான். கூப்பிட்டது தான்தானே என்ற எண்ணத்தில், யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாமல், தினமும் மத்தியானம் ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் போய்ப் பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாளாம்.

"ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்கு இன்னா இருக்குது? சும்மா போய் உக்காந்துக்கினு வருவேன். அவருக்குப் பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு அது மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்துது. நீ இருந்திருக்க. பொண்டாட்டி தொடைக்கற மாதிரி தொடச்சி வுட்டிருக்க. எனக்கு இது போதும்மா."

என் வெட்கம் என்று நான் இரண்டு மாதமாகப் புதைத்து வைத்திருந்தது அவளுக்குக் கிடைத்த ஆறுதலாக இருந்தது. அதை நான் செய்துகொண்டிருந்தபோது எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாமல் என் கையை யாரோ எடுத்து உபயோகித்திருக்கிறார்கள். அதிர்ச்சி என்று நான் சொன்னால், போலீஸ் போனையும் அந்த ஐந்து விரலையும் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. அந்த ஆஸ்பத்திரி அறையில் நான் ஸ்தோத்திரம் என்று கத்துவதற்கு முன்பே ஆண்டவர் அங்கே இருந்திருக்கிறார். எனக்காக மட்டும் வந்தவராக இல்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிரேக் விஷயத்தை அவளிடம் சொல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்றார். நானும் கூடப் போனேன். அவள் வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய கணவரின் அண்ணன் நெய்துகொண்டிருந்தார். இவர் வாசலிலேயே நின்று சொன்னார். தறி நின்றது. அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. அண்ணன்தான் வெளியே வந்து, "போயிட்டு வாங்கோ" என்றார். கோபமா, மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

ஒரு மாதம் எந்தப் பேச்சும் இல்லை. பிறகு அவளே எனக்குப் போன் செய்து இவரிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்த வண்டி இன்னும் ஸ்டேஷன் வாசல்ல நிக்குதுபா. போறப்ப வர்றப்ப எல்லாம் கண்ணுல படுது. அத எடுத்து எங்கியாவது போட்டுடு."

இவர் சரிக்கா என்றார். அவள் வைக்கவில்லை.

"பிரேக்க பத்தி நெனச்சி பாத்தேன். மன்னிக்கறேன்னு சொல்ல எனக்கு வரல. கோவமும் வரல. ரெண்டும் இல்லாம கெடக்கறேன். ஆனா நீ வந்து சொன்ன. சொல்லாம இருந்திருந்தா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியுது."

போனை வைத்த பிறகு இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார். நான் தடுக்கவில்லை. அன்று பிசைந்த சோற்றைச் சாப்பிட்டார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், அவர்கள் கேட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு, வண்டியை மினி லாரியில் ஏற்றி, உடைப்பதற்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதுவரை டவுன் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வந்தவர், அதற்கடுத்த திங்கட்கிழமை கம்பெனி பஸ் ஏறினார்.

இப்போது அவளும் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒரே பஸ்தான். அவள் முன்னால் பெண்களோடு உட்காருவாள், இவர் பின்னால். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மழை நாளில் பஸ் கிளம்பியதும் எனக்கு அவளிடமிருந்து போன் வரும். "ஏறிட்டாருமா" என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். நான் கேட்டதில்லை. முதல் மழைக்கு அவளாகத்தான் தொடங்கினாள்.

ஒரு வருடம் கழித்து ஆலயத்துக்குத் திரும்பிப் போனேன். பாட்டுக் குழுவில் சேரவில்லை. கடைசி வரிசையில் உட்காருகிறேன். அவள் கோவிலுக்கு நான் போனதில்லை, என் ஆலயத்துக்கு அவள் வந்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை. ஆண்டவர் உன் புருஷனைக் காப்பாற்றினார் இல்லையா என்று சபையில் யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவளைப் பற்றியும் சொல்கிறேன். கேட்பவர்களுக்கு அந்த இரண்டாவது பாதி பிடிப்பதில்லை. சாட்சி என்றால் நல்லபடியாக முடிய வேண்டும். இதை எங்கே நிறுத்துவது என்று எனக்கும் தெரிவதில்லை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.